முதல் நாளே ‘நீங்களே கண்டுபிடிங்க’ என்று விட்டதில் போன ஒன்பது பீரியட்

பி.எட். படிக்கும்போது, பிள்ளைகளே சோதித்துக் கண்டுபிடிக்க விடும் ‘கண்டறி முறை’ என்று ஒரு பக்கம் எழுதி மார்க் வாங்கியவர்கள் நம்மில் நிறைய பேர். அதை வகுப்பில் செய்தால் எந்த இடத்தில் சிக்கும், எவ்வளவு நேரம் தின்னும், எங்கே பிள்ளைகள் தப்பான முடிவோடு எழுந்து போவார்கள் என்பதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்காது. எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்பில் 36 பிள்ளைகளோடு தனியாக மோதிப் பார்த்ததில் ஒன்பது பீரியட்டும் ரூ.1,900-மும் போயின. பீரியட்டுக்கு 40 நிமிடம் என்றால் ஆறு மணி நேரம். முப்பருவ முறையில் ஒரு பருவத்துக்கு அறிவியலில் எவ்வளவு பாடம் என்று தெரிந்தவர்களுக்கு ஆறு மணி நேரத்தின் விலை தெரியும். வேறு யாருக்கும் அந்த நேரம் போகக் கூடாது என்பதற்காகத்தான், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் எடுத்தது விதை முளைத்தல். ஆறு பேர் கொண்ட ஆறு குழு. “உங்களுக்கு என்ன தெரிஞ்சுக்கணுமோ கேளுங்க, நீங்களே சோதிச்சுக் கண்டுபிடிங்க” என்று சொல்லி, ஆளுக்குக் கொஞ்சம் பச்சைப்பயறு, பஞ்சு, பேப்பர் கப் கொடுத்தாயிற்று. வந்த கேள்விகள் அருமையானவை. விதைக்குள்ள உயிர் எங்க இருக்கு? செடி ஏன் மேல பார்த்தே வளருது? பாட்டுப் போட்டா சீக்கிரம் வளருமா? இருட்டுல முளைக்குமா? உப்புத் தண்ணில முளைக்குமா? இவற்றில் கடைசி மூன்றைத்தான் ஒரு கப்பும் பஞ்சும் வைத்துச் சோதிக்க முடியும். முதல் இரண்டைச் சோதிக்க அவர்களுக்கு வழியே கிடையாது. அந்தக் குழுக்கள் முதல் பீரியட் முழுக்கப் பேசிவிட்டு, இரண்டாவது பீரியடில் புத்தகத்தைத் திறந்து பார்த்து எழுத ஆரம்பித்துவிட்டன. கேள்வி நல்லதாக இருப்பது வேறு, சோதிக்கக் கூடியதாக இருப்பது வேறு என்பதை அன்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்வி எது வந்தாலும், பிள்ளையோடு உட்கார்ந்து ‘எதை மாற்றினால் எது மாறும்’ என்ற உருவத்துக்குத் திருப்பிக்கொண்ட பிறகுதான் பொருளைக் கையில் கொடுக்கிறேன். “செடி ஏன் மேல வளருது” என்பது “கப்பைப் படுக்க வெச்சா முளை எந்தப் பக்கம் திரும்பும்” என்று மாறினால், ஏழாம் வகுப்புப் பிள்ளையால் அதைச் செய்து பார்த்துவிட முடியும்.

சோதனை செய்த குழுக்களிலும் கதை வேறு மாதிரிக் கெட்டது. வியாழக்கிழமை விதை வைத்தோம். சனி, ஞாயிறு பள்ளி பூட்டியிருந்தது. ஜன்னலில் வெயில் படும்படி வைத்த கப்புகளில் பஞ்சு காய்ந்து விதை அப்படியே கிடந்தது. அலமாரி இருட்டில் வைத்த கப்புகளில் ஈரம் தங்கியதால் முளை விட்டிருந்தது. அந்தக் குழு “வெளிச்சம் இருந்தா முளைக்காது” என்று முடிவு எழுதியது. அவர்கள் கண்ணால் பார்த்தது அதுதான். பார்த்ததிலிருந்து நேர்மையாகத்தான் எழுதினார்கள். வெளிச்சத்தோடு ஈரமும் மாறிவிட்டதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட. ஒரு கப்பில் ஒன்றிரண்டு விதைதான் போட்டிருந்தார்கள். அதில் ஒன்று வண்டு துளைத்த சொத்தை என்றால் முடிவே தலைகீழ். இன்னொரு குழு தண்ணீரை நிறைய ஊற்றி விதையை மூழ்கடித்தது. காற்றுக் கிடைக்காமல் அழுகி நாற்றம் வந்ததும் தூக்கி எறிந்துவிட்டார்கள். எனக்கு மிகவும் வலித்தது வேறொன்று. ஒரு பிள்ளையின் கப்பில் இருட்டிலேயே நன்றாக முளைத்திருக்க, அவள் நோட்டில் “விதை முளைக்கச் சூரிய ஒளி தேவை” என்று எழுதியிருந்தாள். எங்கோ படித்ததை நம்பினாள், கண் முன்னால் இருந்த கப்பை நம்பவில்லை.

அதே பயறை மறுபடி செய்பவர்களுக்குச் சில விவரங்கள். திங்கள் மாலை ஊறப் போட்டு, செவ்வாய் காலை நீரை வடித்துக் கப்பில் வைத்தால் புதன், வியாழன் இரண்டு நாளும் எண்ணிவிடலாம். வெள்ளிக்குள் வேலை முடிந்துவிடும். கப்புக்குப் பத்து விதை. பத்தில் எத்தனை முளைத்தது என்று கேட்டால்தான் ஒப்பிட முடியும். ஊறப் போடும்போது மிதக்கிற விதைகளை எடுத்துவிடுங்கள். எல்லாக் கப்புக்கும் ஒரே ஸ்பூனால் ஒரே அளவு தண்ணீர், தினம் ஒரே நேரத்தில். வெயிலில் வைக்கிற கப்புக்கு ஒளி புகும் பாலிதீன் தாளை மூடிபோலக் கட்டி, அதில் நாலைந்து ஓட்டை போடுங்கள், ஈரம் நிற்கும். அதே தாளை, அதே ஓட்டைகளோடு, இருட்டுக் கப்புக்கும் கட்ட வேண்டும். இல்லையென்றால் மூடியும் ஒரு வித்தியாசமாகிவிடும்.

ஒன்பதாவது பீரியட் முடிந்த அன்று ஹெச்.எம். பாடக்குறிப்பு நோட்டைப் பார்த்துவிட்டு, “சார், போர்ஷன் எவ்வளவு முடிஞ்சிருக்கு?” என்று மட்டும் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. பிள்ளைகளுக்குச் சந்தோஷம் இருந்தது, சத்தம் இருந்தது, தெளிவாகக் கற்ற ஒரு விஷயம்கூட இல்லை. அன்றிரவு தூக்கம் வரவில்லை. பழையபடி கரும்பலகையில் எழுதிப் போட்டு நோட்டில் எழுத வைத்துவிடுவோமா என்று மனம் பல தடவை போய் வந்தது. அந்தப் பருவத்தின் இரண்டு பாடங்களை அப்படித்தான் ஓட்டி முடித்தேன். வாங்கிய பொருள்களில் ஆறு ஸ்டாப்வாட்ச் ரூ.1,080, பத்து லென்ஸ் ரூ.500, பயறு, பஞ்சு, கப், சார்ட் எல்லாமாக ரூ.320. லென்ஸை யாரும் தொடவே இல்லை. கேள்வி முடிவாகும் முன்பே பொருள் வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்ததில்தான், இந்த முறைக்குள் படிகள் இருப்பதே தெரிந்தது. அமெரிக்காவில் ஹெதர் பாஞ்சி, ராண்டி பெல் என்ற இருவர் 2008-இல் இதை நான்கு படிகளாகத் தெளிவாகச் சொன்னார்கள். கேள்வி, செய்முறை, விடை மூன்றையும் ஆசிரியரே கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வது முதல் படி. கேள்வியும் செய்முறையும் கொடுத்து விடையைப் பிள்ளைகளிடம் விடுவது இரண்டாவது. கேள்வியை மட்டும் கொடுப்பது மூன்றாவது. கேள்வியையும் அவர்களிடமே விட்டுவிடுவது நான்காவது. நான் முதல் நாளே நான்காவது படியில் ஏற்றி நிறுத்திவிட்டேன். அளக்கத் தெரியாத, ஒன்றை மாற்றும்போது மற்றதை மாற்றாமல் வைக்கப் பழகாத பிள்ளைகளை அப்படி நிறுத்தியது என் தவறு, அவர்கள் தவறு இல்லை.

மாதிரிகள் என்று பேசும்போது எல்லோரும் 5ஈ-யைச் சொல்வார்கள். 1960-களில் அமெரிக்காவின் பெர்க்லியில் ராபர்ட் கார்ப்ளஸ் என்ற இயற்பியலாளர் ஆரம்பப் பள்ளி அறிவியலுக்காக மூன்று கட்டக் கற்றல் சுழற்சி ஒன்றை உருவாக்கினார். முதலில் பிள்ளை பொருளோடு புழங்கட்டும், பிறகு ஆசிரியர் கருத்துக்குப் பெயர் கொடுக்கட்டும், பிறகு அதைப் புது இடத்தில் பொருத்திப் பார்க்கட்டும் என்பது அதன் சாரம். 1980-களின் பிற்பகுதியில் அதை விரித்து ஈர்த்தல், ஆராய்தல், விளக்குதல், விரித்தல், மதிப்பிடுதல் என்று ஐந்தாக்கினார்கள். ஆங்கிலத்தில் ஐந்தும் E-யில் தொடங்குவதால் 5ஈ. ஐந்து வார்த்தையையும் பாடக்குறிப்பில் தலைப்பாக எழுதிவிட்டு, உள்ளே பழைய பாடத்தையே நடத்துவது எளிது. அதன் உயிர் வரிசையில் இருக்கிறது. ‘விளக்குதல்’ மூன்றாவதாகத்தான் வர வேண்டும், ஆனால் கட்டாயம் வர வேண்டும். என் விதைப் பாடத்தில் அந்த மூன்றாவது கட்டமே இல்லை. பிள்ளைகள் செய்தார்கள், எழுதினார்கள், மணி அடித்தது, போய்விட்டார்கள்.

இரண்டாம் பருவத்தில் தனி ஊசலை, அதாவது நூலில் எடை கட்டி ஆடவிடுவதை, எடுத்துக்கொண்டேன். ஊசல் நல்ல தேர்வு. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை, தப்புச் செய்தால் அதே பீரியடில் திருத்தலாம், சரியான விடை நமக்கு முன்கூட்டியே தெரியும். குழுவுக்கு நான்கு பேர், ஒன்பது குழு. ஆறு பேர் இருந்தால் இரண்டு பேர் கட்டாயம் சும்மா இருப்பார்கள். நான்கு பேரில் ஒருவர் விடுவார், ஒருவர் எண்ணுவார், ஒருவர் நேரம் பார்ப்பார், ஒருவர் எழுதுவார். ஒவ்வொரு அளவுக்கும் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். பொருள் செலவு மிகக் குறைவு. ஹார்டுவேர் கடையில் 3 செ.மீ. அகல இரும்பு வாஷர், தையல் நூல், ஜெம் கிளிப். தையல் நூலை இரண்டாக மடித்துக்கொண்டால் போதும். முறுக்கு அதிகமுள்ள சணல் நூல் முறுக்கு அவிழும்போது வாஷரைச் சுற்ற வைக்கும், நைலான் நூல் சுருண்டு நிற்கும். நூலைப் பென்சிலில் தளர்வாக முடிந்தால் முடிச்சு உருண்டு நீளம் மாறிக்கொண்டே இருக்கும். மர ஸ்கேலுக்கும் டெஸ்க் விளிம்புக்கும் நடுவில் நூலைக் கொடுத்து, ஸ்கேல் மேல் நாலைந்து புத்தகத்தை ஏற்றிவிடுங்கள். தொங்கும் புள்ளி அசையாது.

முதல் பீரியட் முழுக்க முதல் படிதான். தொங்கும் புள்ளியிலிருந்து வாஷரின் மையம் வரை 25 செ.மீ., நான்கு விரல் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது, பத்து அலைவுக்கு எத்தனை விநாடி? விடையை ஒரு தாளில் எழுதி மடித்துக் கரும்பலகையில் ஒட்டிவிட்டேன். முன்கூட்டியே சொன்னால் அதையே எழுதிவிடுவார்கள். அளந்து முடித்த குழு தன் விடையைக் கரும்பலகையில் வரைந்த எண்கோட்டில் ஒரு சாக்பீஸ் புள்ளியாக வைக்க வேண்டும். ஒன்பது புள்ளிகளும் வந்த பிறகு பார்த்தால் நான்கு புள்ளி 10-ஐ ஒட்டி, மூன்று புள்ளி 9-ஐ ஒட்டி, ஒன்று 10.3-இல், ஒன்று 5-இல். இந்த எண்கோடுதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது என்று சொல்வேன். 9 வந்த குழுக்கள் விடும்போதே “ஒண்ணு” என்று எண்ணத் தொடங்கியவை. அவர்கள் “பத்து” சொல்லும்போது ஒன்பது அலைவுதான் முடிந்திருக்கும். 5 வந்த குழு ஒரு பக்கம் போனதையே ஒரு அலைவு என்று எண்ணியது. போய்த் திரும்பி வந்தால்தான் ஒன்று. 10.3 வந்த குழு வாஷரின் மேல் விளிம்பு வரை 25 அளந்திருந்தது, மையம் இன்னும் ஒன்றரை செ.மீ. கீழே.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். எல்லாவற்றையும் கூட்டி ஒன்பதால் வகுத்துச் சராசரி எடுத்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். தப்பான எண்ணிக்கையையும் சரியான எண்ணிக்கையையும் கலந்து எடுத்த சராசரிக்கு எந்த அர்த்தமும் இல்லை. அதைவிட மோசம், தப்பு எங்கே என்று தேடும் வாய்ப்பு அதோடு மூடிப்போகும். நான் கேட்டது ஒரே கேள்வி: “ஒரே நூல், ஒரே நீளம், ஏன் மூணு இடத்துல கூட்டம்?” கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, காரணங்களும் வந்தன. மூன்று விநாடி என்பது சொல்லும்போது ஒன்றுமில்லை, வகுப்பு முன்னால் நிற்கும்போது யுகம். மனதுக்குள் மெதுவாக ஐந்து வரை எண்ணிக்கொள்வது எனக்கு உதவுகிறது. அன்று மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு குரல், “சார், அவங்க விடும்போதே ஒண்ணு சொன்னாங்க, நாங்க ஜீரோ சொன்னோம்.” அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எண்ணுவதில் யாருக்கும் தப்பு வரவில்லை. நானே சொல்லியிருந்தால் பாதிப் பேருக்கு மறந்திருக்கும்.

இரண்டாவது பீரியட், இரண்டாவது படி. 25, 50, 75, 100 செ.மீ. என்று நான்கு நீளம், செய்முறை என்னுடையது, விடை அவர்களுடையது. டெஸ்க்கிலிருந்து 75-ஏ தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும், 100 தொங்கவே தொங்காது. அதனால் அந்த இரண்டையும் ஜன்னல் கம்பியில் கட்டிக் குழுக்களை மாற்றி மாற்றி அனுப்பினேன். இதை முன்பே யோசிக்காததால் பத்து நிமிடம் போனது. பத்து அலைவுக்குச் சுமார் 10.0, 14.2, 17.4, 20.1 விநாடி வர வேண்டும். பொத்தானை அமுக்கும் விரலின் தாமதத்தால் கால் விநாடி முன்பின் இருந்தால் கவலைப்பட வேண்டாம். ஆறு ஸ்டாப்வாட்சில் இரண்டு அதற்குள் பொத்தான் அமுங்காமல் போயின. அதில்தான் தெரிந்தது, ஸ்டாப்வாட்சே தேவையில்லை. விநாடி முள் உள்ள ஒரு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து நாம் “விடு” என்றும், 30 விநாடி கழித்து “நிறுத்து” என்றும் சொன்னால் போதும். எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில் எத்தனை அலைவு என்று எண்ணிவிடும். 25 செ.மீ.க்கு 30, 50-க்கு 21, 100-க்கு 15 வரும். ரூ.1,080 மிச்சமாகியிருக்கும், அத்தோடு வகுப்பும் ஒரே தாளத்தில் இருக்கும்.

மூன்றாவது பீரியடில் கேள்வி மட்டும் என்னுடையது: ஒரு வாஷர் தொங்கினால் ஒரு மாதிரி, ஐந்து வாஷர் தொங்கினால் வேகமா, மெதுவா, அதேதானா? ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வைட்டும் கன்ஸ்டோனும் பரவலாக்கிய ‘ஊகி, கவனி, விளக்கு’ என்ற முறையை இங்கே உள்ளே வைத்தேன். ஊகத்தை, காரணத்தோடு, நோட்டில் பேனாவால் எழுதிவிட வேண்டும். கை தூக்கச் சொன்னால் முதல் ரேங்க் எடுக்கும் பிள்ளை எந்தப் பக்கம் தூக்குகிறதோ அந்தப் பக்கம் வகுப்பே தூக்கும். எழுதாமல் விட்டால், பிறகு எல்லோரும் “நான் அப்பவே நெனச்சேன்” என்பார்கள். பெரும்பாலோர் “கனமானது வேகமா ஆடும்” என்றே எழுதினார்கள். செய்முறை அவர்கள் பொறுப்பு. இரண்டு குழுக்கள் ஐந்து வாஷரையும் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சங்கிலிபோலக் கோத்துவிட்டன. மேல் வாஷரின் மையம் 50-இல் இருந்தாலும் ஐந்தாவது 62-இல் இருக்கும், மொத்தத்தின் மையம் 56-க்கு இறங்கிவிடும். பத்து அலைவுக்கு 14.2 இருக்க வேண்டியது 15 ஆகிவிட்டது. “கனமா இருந்தா மெதுவா ஆடுது, நாங்க மூணு தடவ பாத்தோம் சார்” என்று அவர்கள் அடித்துப் பேசினார்கள். மூன்று தடவையும் அதுதான் வரும், ஏனென்றால் அவர்கள் அளந்தது உண்மை, மாறியது எடை மட்டும் இல்லை.

இங்கேதான் விதைப் பாடத்தில் விட்டதைப் பிடிக்க முடிந்தது. “தப்பு” என்று நான் சொல்லவில்லை. சங்கிலிக் குழுவின் ஊசலையும், ஐந்து வாஷரையும் ஒரே கிளிப்பில் பக்கம் பக்கமாக மாட்டிய குழுவின் ஊசலையும் ஒரே மேஜையில் தொங்கவிட்டு, “ரெண்டுக்கும் நடுவுல என்னென்ன வேற?” என்று கேட்டேன். நீளம் என்று வர ஐந்து நிமிடம் ஆனது. அந்த ஐந்து நிமிடத்துக்காக அந்த ஒரு பீரியடையே கொடுக்கலாம். ‘எதை மாத்துன, எதை மாத்தாம வெச்ச’ என்பது அதற்குப் பிறகு வகுப்பில் ஒரு வழக்கச் சொல்லாகவே ஆகிவிட்டது.

நான்காவது பீரியட் முழுவதும் பேச்சும் வரைபடமும். அலைவு நேரம், வீச்சு என்ற சொற்களை அன்றுதான் கரும்பலகையில் எழுதினேன், அதுவரை ‘ஒரு ஆட்டம்’, ‘இழுத்த தூரம்’ என்றே புழங்கினோம். நீளம் நான்கு மடங்கானபோது நேரம் இரண்டு மடங்குதான் ஆனது என்பதை 25-ஐயும் 100-ஐயும் பக்கத்தில் வைத்ததும் அவர்களே பார்த்துவிட்டார்கள். அதற்குப் பின்னால் வர்க்கமூலம் இருக்கிறது என்பதை நான்தான் சொன்னேன். அதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருப்பது நியாயமில்லை. ஊசலின் நீளத்துக்கும் நேரத்துக்கும் உள்ள உறவைப் பிடித்தவர் கலிலியோ, ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் அதை 40 நிமிடத்தில் எதிர்பார்க்க முடியாது. 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூவர், வழிகாட்டுதல் குறைந்த கற்பித்தல் ஏன் பலன் தராது என்று கடுமையாக எழுதினார்கள். புதிதாகக் கற்பவரின் நினைவு ஒரே நேரத்தில் நிறையச் சுமக்க முடியாது என்பது அவர்கள் வாதத்தின் அடித்தளம். மறு ஆண்டே, பிள்ளைகளே தேடிக் கற்கும் நல்ல முறையில் வழிகாட்டுதல் நிறையவே இருக்கிறது என்று ஹ்மெலோ-சில்வர், டங்கன், சின் ஆகியோர் பதில் எழுதினார்கள். என் விதைப் பாடத்தையும் ஊசல் பாடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரு தரப்பும் சொல்வது எனக்குப் புரிகிறது. ஊசலில் பிள்ளைகளுக்குக் கிடைத்த சுதந்திரம் குறைவு, அவர்கள் யோசித்தது அதிகம்.

ஐந்தாவது பீரியடில் வரைபடத்திலிருந்து 60 செ.மீ.க்கு எவ்வளவு வரும் என்று படித்து எழுதிவிட்டு அளந்தார்கள். 15.6-ஐ ஒட்டி வர வேண்டும், ஏழு குழுவுக்கு அரை விநாடிக்குள் வந்தது. ஆக மொத்தம் ஐந்து பீரியட். சொல்லி நடத்தினால் இரண்டில் முடியும். மூன்று பீரியட் கூடுதல் என்பதை மறைக்க வேண்டியதில்லை, ஹெச்.எம்.மிடமும் அப்படியே சொன்னேன். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த நம் ஆண்டில் நாள் கிடையாது. பருவத்துக்கு ஒரே ஒரு பாடத்தை முழுச் சுழற்சியில் எடுங்கள், மற்ற பாடங்களில் ‘ஊகி, கவனி, விளக்கு’ ஒன்றைப் பதினைந்து நிமிடத்துக்கு நுழைத்தால் போதும். இந்த வேலையை, பாடம் நடக்கும்போதே போடும் வளரறி மதிப்பீட்டின் செயல்பாட்டு மதிப்பெண்ணில் சேர்த்துவிட்டால், தனியாகச் செயல்திட்டம் என்று சார்ட் ஒட்ட வைக்கும் நேரம் மிச்சம். சார்ட்டுக்கு மார்க் போடுவதை நான் நிறுத்திவிட்டேன்.

தேர்வுக் கேள்வியையும் மாற்ற வேண்டியிருந்தது. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி 2002 வரை அரசுப் பள்ளிகளில் நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டத்தைப் பற்றிப் படித்தபோது என்னை நிறுத்தியது, அவர்கள் தேர்வையும் புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதும்படி, செய்முறையோடு அமைத்தார்கள் என்பதுதான். வகுப்பில் அளக்கச் சொல்லிவிட்டுத் தேர்வில் ‘தனி ஊசல் வரையறு’ என்று கேட்டால், எது முக்கியம் என்று பிள்ளைகள் சரியாகவே புரிந்துகொள்வார்கள். நான் கேட்டது இது: ஒரு குழு 25 செ.மீ. ஊசலுக்குப் பத்து அலைவு 9 விநாடி என்று எழுதியிருக்கிறது, அவர்கள் என்ன செய்திருப்பார்கள்? 36 பேரில் 27 பேர் சரியாக எழுதினார்கள். வழக்கமாக வெற்றுத்தாள் கொடுக்கும் இரண்டு பேரும் அதில் அடக்கம். அந்த இரண்டு தாளையும் வீட்டுக்கு எடுத்துப் போய்த் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

மூன்றாம் பருவத்தில்தான் நான்காவது படிக்கு விட்டேன், கேள்வியும் அவர்களுடையது. ஒரு குழு, தண்ணீர் பாட்டிலைக் கட்டி ஆடவிட்டு, தண்ணீர் குறையக் குறைய ஆட்டம் மாறுமா என்று கேட்டது. முதலில் பாட்டிலின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு ஒழுகவிட்டே எண்ணினார்கள். தரை நனைந்தது, எண்ணிக்கையும் நிற்கவில்லை. பிறகு அவர்களாகவே ஓட்டையை எம்-சீல் வைத்து அடைத்து, முழு பாட்டில், அரை பாட்டில், கால் பாட்டில் என்று தனித்தனியாக அளந்தார்கள். அரை லிட்டர் பாட்டில், கழுத்துக்கு மேல் நூல் 30 செ.மீ. முழுதாக இருந்ததைவிட அரையாக இருந்தபோது பத்து அலைவுக்கு அரை விநாடிக்கு மேல் கூடியது. “தண்ணி கீழ எறங்கிடுச்சு சார், அப்போ நீளம் கூடிடுச்சு, அது அந்தச் சங்கிலி வாஷர் மாதிரியேதான்” என்று சொன்னது, மூன்றாவது பீரியடில் என்னோடு அடித்துப் பேசிய அதே பிள்ளை. காலி பாட்டிலில் அது திரும்பக் குறைய வேண்டும் என்று நோட்டில் ஊகம் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் காலி பாட்டில் எடை இல்லாததால் காற்றில் சீக்கிரமே ஓய்ந்துவிடுகிறது, பத்து அலைவு வரை எண்ண முடியவில்லை. ஐந்து அலைவை எண்ணி இரண்டால் பெருக்கலாமா என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், திங்கள்கிழமை அளக்கிறார்கள்.